ஞானஸ்நானச் சான்றிதழோடு ஒரு கடிதம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் மழைக்கோள் கண்டால் முட்டுவலி வந்துவிடுகிறது.

நீ கேட்ட ஞானஸ்நானச் சான்றிதழ் தயார். கல்யாணத்துக்கு மஸ்கட் கோவிலில் கேட்பார்கள் என்று தெரியும். "சான்றிதழ் மட்டும் போதும் அப்பா, உபதேசம் வேண்டாம்" என்று செய்தி போட்டிருந்தாய். கோவில் உபதேசியார் வீட்டில் பிறந்தவன் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆகவே இது உபதேசம் இல்லை. ஓகிப் புயல் அடித்தபோது நீ அங்கே தொலைக்காட்சி முன்னால் இருந்தாய். கடலுக்குப் போன மாமா வரவில்லை என்றானதும் கோவிலுக்குப் போவதை நிறுத்தினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் இங்கே நடந்ததை உனக்கு முழுதாகச் சொன்னதும் இல்லை.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. அப்போஸ்தலர் அந்திரேயா, நம் பெலவேந்திரர் திருநாள். காலைப் பூசைக்குப் பத்துப் பேர் கூட இல்லை. கடலோரத்தில் இரண்டு மீனவர்கள் வலைகளை விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போன வாசகத்தைச் சாமியார் வாசிக்க, நான் கேட்டுக்கொண்டு நின்றேன். காதில் விழுந்ததெல்லாம் காற்றுதான். பூசை முடியும் முன்பே மின்சாரம் போய்விட்டது. வெளியே வந்தால் மாதா கெபிக்குப் பக்கத்துத் தென்னை இரண்டும் தரையில் கிடக்கின்றன. முந்தின நாள் மாலைதான் சின்ன வள்ளங்கள் கடலுக்குப் போயிருந்தன. பெரிய போட்டுகள் கொச்சியில் இருந்து தங்கலுக்கு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போய் எத்தனையோ நாட்கள் ஆகிவிட்டன. சுறாவைத் தேடி லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவர்கள் நம் ஆட்கள். கரையில் இருந்து பேசும் வயர்லெஸ் அத்தனை தூரம் எட்டாது. எச்சரிக்கை வந்தது என்று பிறகு சொன்னார்கள். வந்தது, கரையில் நின்றவர்களுக்கு.

மதியம் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். "உபதேசியாரே, ஒரு நோட்டு எடுங்கள். யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்று எழுதுவோம்." அவ்வளவுதான். யார் வீட்டில் இருந்து யார் போனார்கள் என்ற கணக்கு வேறு எந்த அலுவலகத்திலும் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கோவில் மண்டபத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தேன். பெண்கள் வரிசையாக வந்தார்கள். நான் நாற்பது வருடமாக எழுதாத எழுத்தா? ஆனால் அன்று கை ஓடவில்லை. ஆன்றனிகள் மட்டும் அரைப் பக்கம். எந்த ஆன்றனி? அப்பன் பெயர், வீட்டுப் பெயர், போட்டுப் பெயர், எத்தனை பிள்ளைகள். ஒருத்தி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நின்றாள். வாயால் சொன்னால் பட்டியலில் சேர்ந்துவிடுவான் என்று பயம். அவளுடைய மாமியார் சொல்ல, நான் எழுதினேன். ஒருவனை வீட்டுப் பெயரில் ஒரு தடவையும் போட்டுப் பெயரில் ஒரு தடவையும் எழுதிவிட்டேன். இன்னொருவன் காணவில்லை என்று அவன் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் கடலுக்கே போகவில்லை, கொச்சியில் தங்கை வீட்டில் படுத்துக்கிடந்தான். அதைக் கேட்டு அத்தனை துக்கத்திலும் மண்டபம் சிரித்தது.

மாமா பெயரை அம்மாதான் வந்து சொன்னாள். வரிசையில் நின்று, மற்றவர்களைப் போல. தம்பியின் பெயர், அப்பன் பெயர், போட்டுப் பெயர். எனக்குத் தெரியாததா? ஆனாலும் ஒவ்வொன்றாகச் சொன்னாள், நானும் கேட்டு எழுதினேன்.

மைக் இல்லாததால் மணிக்கயிற்றைப் பிடித்து அடித்துத்தான் ஊரைக் கூட்டினோம். யார் கரை ஏறினார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் சாமியார் கோவில் படியில் நின்று பெயரைச் சத்தமாக வாசிப்பார். லட்சத்தீவில் ஏறினார்கள், மகாராஷ்டிரத்தில் ஏறினார்கள், குஜராத் வரை போய் ஏறியவர்களும் உண்டு. பெயர் வாசித்த வீட்டில் ஒரு சத்தம் எழும். வாசிக்காத வீடுகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவளுக்குச் சந்தோஷப்படவும் வேண்டும், தன் வயிறு எரியவும் எரியும். அந்த முகங்களை நான் படியில் இருந்து பார்த்தேன். மறக்கவில்லை.

டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கோட்டாறு சவேரியார் திருவிழாவின் கடைசி நாளும் அதுதான். வேறு வருடமாக இருந்தால் பாதி ஊர் அங்கே போயிருக்கும். அன்றைய நற்செய்தி மாற்கு 13. வீட்டுத் தலைவர் மாலையிலோ நள்ளிரவிலோ சேவல் கூவும் வேளையிலோ காலையிலோ வருவார், தெரியாது, விழிப்பாயிருங்கள். சாமியார் அந்த இடத்துக்கு வந்தபோது பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல்: "நாலு ராத்திரியாக விழித்துத்தானே இருக்கிறேன் சாமி." கோவிலே அடங்கிப்போனது. அவர் மீதியை வாசித்துப் புத்தகத்தை மூடினார். பிரசங்கம் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். அவர் அன்று ஏதாவது விளக்கம் சொல்லியிருந்தால் நானே எழுந்து வெளியே போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நீ கோபித்துக்கொண்டது எதற்கு என்று எனக்குப் புரியாமல் இல்லை. அந்த வாரம் நானும் ஜெபிக்கவில்லை, மகனே. ஜெபமாலை கையில் இருக்கும், உதடு அசையும், உள்ளே ஒன்றும் இராது. உபதேசியார் இப்படிச் சொல்லலாமா என்று நினைப்பாய். பெயர் எழுதினேன், மணி அடித்தேன், மண்டபத்தில் கஞ்சியும் பயறும் ஊற்றினேன். உள்நாட்டுப் பங்குகளில் இருந்து அரிசி வந்தது, அதை அளந்து கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்ததை நீ தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். சாமியார்கள் முன்னால், ஆயிரக்கணக்கான சனம் பின்னால். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. தேடுங்கள், எங்கள் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்த் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. இரவு வரை தண்டவாளத்தில் இருந்தோம். நோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அரசாங்கம் தமிழ்நாடு, மறைமாவட்டம் திருவனந்தபுரம் என்று இரண்டு பக்கமும் இழுபடுகிற ஊர்கள் நம்முடையவை. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு எண் சொன்னார்கள். எங்களுக்கு எண் இல்லை, பெயர் இருந்தது.

இனி நான் சொல்ல நினைத்ததுக்கு வருகிறேன். தேடுவது நின்ற பிறகு, காணாமல் போனவர்களுக்கு இறந்தவர்களுக்குரிய நிவாரணம் என்று அறிவித்தார்கள். காகிதத்தில் ஆள் இறந்துவிட்டான். கோவிலில்? அடக்கப் பதிவேட்டில் இறந்த தேதி என்று ஒரு கட்டம் உண்டு, அடக்கம் செய்த இடம் என்று ஒரு கட்டம் உண்டு. நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்கு எந்த நாளில் இருந்து எண்ணுவது? சில வீட்டார் நவம்பர் 30 என்று வைத்தார்கள். சிலர் புகைப்படத்தை வைத்து அடக்கப் பூசை செய்தார்கள். அம்மா ஒன்றுக்கும் சம்மதிக்கவில்லை. ஞாயிறு மன்றாட்டில் இறந்தவர்கள் வரிசையில் தம்பி பெயர் வரக் கூடாது, கடலில் இருப்பவர்களுக்கான மன்றாட்டில்தான் வர வேண்டும் என்று சாமியாரிடம் நேராகவே சொல்லிவிட்டாள். உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பணமும் வாங்கிவிட்டு இது என்ன என்று ஒருவர் கேட்கவும் செய்தார். சாமியார் ஒன்றும் கேட்கவில்லை. பூசைக் கருத்து எழுதும் நோட்டில் "சுகமாய்த் திரும்பி வர" என்று என்னையே எழுதச் சொன்னார். அடுத்து வந்த சாமியாரும் அதை மாற்றவில்லை. பதிவேட்டில் மாமாவின் வரியில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டுவைத்திருக்கிறேன், மையால் எழுதவில்லை. முறைப்படி அது தப்பு. மேலிடத்தில் இருந்து பார்வையிட வந்தவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தைத் திருப்பினார்.

எட்டு வருடங்கள் ஆகின்றன. இப்போதும் மாதம் ஒரு தடவை அந்தப் பூசை நடக்கிறது. நான் நம்புகிறேனா என்று நீ போனில் ஒரு தடவை கேட்டாய். மாமா வருவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் அம்மாவின் கருத்தைச் சத்தமாக வாசிக்கும்போது என் குரலில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. இப்போது கல்லறைத் திருநாளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். நானும் கேட்கவில்லை.

சான்றிதழை அடுத்த வாரம் மஸ்கட் வருகிற அத்தை மகனிடம் கொடுத்துவிடுகிறேன். புகைப்படம் முன்னதாக வாட்ஸ்அப்பில் வரும், பிழை இருக்கிறதா என்று பார். உன் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன். ஞானத்தகப்பன் என்ற இடத்தில் மாமாவின் பெயர் இருக்கிறது. பழைய பதிவேட்டில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது, திருத்தி எழுதினேன். அங்கே உள்ள சாமியார் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டால், கடலில் என்று சொல்.

அம்மா உன்னிடம் கேட்கச் சொன்னாள்: கல்யாணப் புடவைக்குப் பணம் அனுப்பவா, அங்கேயே எடுப்பீர்களா?

அன்புடன்,
அப்பா