கல்லூரி நூலக வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, முதல்வர் அவர்களே, நூலகர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் குறைவின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசித்தளிப்பார். நூலகத்துக்காக அடுத்து எந்தப் பணியைக் கையிலெடுப்பது என்பதே இவ்வாண்டு செயற்குழு நெடுநேரம் விவாதித்த பொருள் என்பதால், அதைப் பற்றி விரிவாகக் கூற விரும்புகிறேன்.

நூல்களுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. பட்டை (வானலை வழியே நூலை அடையாளங்காட்டும் மின்னணுப் பட்டை) ஒட்டுதல், வாசிப்பறைக்குக் குளிர்சாதன வசதி, கைப்பேசிச் செயலி, எம்.ஃபில். ஆய்வேடுகளை மின்னுருவாக்குதல் என நான்கு முன்மொழிவுகள் வந்தன. சில ஆண்டுகளுக்கு முன் நாம் வாங்கித் தந்த தொடுதிரைக் கருவி, பராமரிப்புக்கு நாம் பணம் ஒதுக்காததால், இன்றும் நுழைவாயிலில் துணி போர்த்திய நிலையில் நிற்கிறது. அந்த அனுபவத்தால், ஒவ்வொரு முன்மொழிவையும் தந்தவரிடம், மூன்றாம் ஆண்டில் இதை யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்வியையே முதலில் வைத்தோம்.

குளிர்சாதன வசதி நிர்வாகம் செய்ய வேண்டியது. கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருளின் நூற்பட்டியல் கைப்பேசி உலாவியிலேயே திறப்பதால் தனிச் செயலி தேவைப்படவில்லை. ஆர்.எஃப்.ஐ.டி. நல்ல திட்டமே, ஆனால் பழைய தமிழ் நூல்களில் பல இன்னும் கணினிப் பட்டியலில் ஏறாத நிலையில், பட்டை ஒட்டுவது முறையாகாது என்பதால் அதனை ஒத்திவைத்தோம்.

எஞ்சியது ஆய்வேடுகள். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்னும் தேசிய இணையக் களஞ்சியம் இருக்கிறது. எம்.ஃபில். படிப்போ பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளோடு முடிவுக்கு வந்துவிட்டது. இனி அந்த அலமாரிக்குப் புதிய வரவு இல்லை. இருப்பவற்றில் பழையவை தட்டச்சில் கார்பன் தாள் வைத்து எடுத்த படிகள். நூலகருடன் நான் ஒன்றைப் பிரித்தபோது, துருப்பிடித்த குண்டூசி இருந்த இடத்தில் தாள் பழுப்பேறி ஓட்டையாகியிருந்தது. பக்கத்தைப் புரட்டியதும் ஓரம் பொடிந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது. அந்த மாணவரின் களப்பணிக் குறிப்புகள் வேறெங்காவது இருக்குமென்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பட்டை ஒட்டும் வேலை ஐந்தாண்டு காத்திருக்கலாம், இந்தத் தாள் காத்திருக்காது என்ற நூலகரின் சொல்லை ஏற்றுச் செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

வருடி எடுப்பது இதில் எளிய பகுதி. தலைப்பு, துறை, நெறியாளர், ஆண்டு ஆகியவற்றை யூனிகோடில் பிழையின்றி உள்ளிடாவிட்டால் கோப்பு இருந்தும் எவர் கைக்கும் கிட்டாது. வாசகரின் நேரத்தைச் சேமி என்று நூலகவியல் அறிஞர் சீர்காழி இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலகவியல் விதிகளில் நான்காம் விதி இங்கே அப்படியே பொருந்துகிறது. எனவே, ஒதுக்கிய தொகையில் பெரும்பங்கு இயந்திரத்துக்கன்றி, பட்டியலிடும் பகுதிநேரப் பணியாளரின் ஊதியத்துக்கே செல்லும்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆய்வேட்டின் உரிமை எழுதியவருக்கே உரியது. அவரது மறைவுக்குப் பின்னும் அறுபது ஆண்டுகள் நீடிப்பது. ஆதலால் ஒப்புதல் கடிதம் பெற்றவற்றை மட்டுமே இணையத்தில் வைப்போம். மற்றவற்றை நூலகத்துக்குள் பார்வைக்கு வைப்பது குறித்துச் சட்ட ஆலோசனை பெறுவோம். இங்கு எம்.ஃபில். முடித்த உறுப்பினர்கள், வெளியேறும் முன் வழங்கு மேசையில் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டுத் தருமாறு வேண்டி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்