ரயில் முதலில் வந்த மண், தேர்ச்சியில் கடைசி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில பகுதிகள் முன்னேறும்போது வேறு சில பகுதிகள் பின்தங்கிப்போவது ஏன் என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மழைக்குறைவு, தொழிற்சாலை இன்மை, போக்குவரத்து வசதியின்மை ஆகிய மூன்றும் அதில் முதன்மைக் காரணங்களாகக் கூறப்பட்டிருந்தன. இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களை உள்ளடக்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், எங்கள் பகுதிக்கு அந்த விளக்கம் போதாது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தது எங்கள் பழைய மாவட்டத்து வாலாஜா ரோட்டுக்குத்தான். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையை நம்பி, மேற்கு வங்கத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பொருட்கள் கடல் கடந்து போகின்றன. இத்தனையும் இருந்தும், 2024ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் வேலூர் மாவட்டம் 82.07 விழுக்காட்டுத் தேர்ச்சியுடன் மாநிலத்திலேயே கடைசி இடம் பெற்றது. வானம் பார்த்த பூமி என்று நாம் பரிதாபப்படும் சிவகங்கையும் ராமநாதபுரமும் அதே ஆண்டில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தன. தேர்ச்சி விழுக்காடு ஒன்றே முன்னேற்றத்தின் அளவுகோல் ஆகிவிடாது என்பதை அறிவேன். ஆயினும் ஒரே அரசு, ஒரே பாடநூல், ஒரே சத்துணவு இருக்கும்போது இவ்வளவு இடைவெளி ஏன் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் வகுப்பில் எனக்குக் கிடைத்த விடை பீடித் தட்டில் இருந்தது. குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் மாலை ஐந்து மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும், திண்ணையில் தாய் இலையில் தூளை வைத்துச் சுற்றிப் போட, பக்கத்தில் அமர்ந்திருக்கும் மகள் நுனியை மடக்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். கூலி ஆயிரம் பீடிக் கணக்கில்தான். தாய் ஒருத்தியின் கையால் ஒரு நாளில் ஆயிரம் எட்டுவது கடினம். கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரியான ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தபோது நான் கண்டித்தேன். அவள் பதில் பேசாமல் கைகளை நீட்டிக் காட்டினாள். ஆள்காட்டி விரலின் நகம் மஞ்சளாகித் தேய்ந்திருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வை அவள் எழுதவில்லை. வீட்டுக்குள்ளேயே பிள்ளையின் கைக்குக் கூலி காத்திருக்கும் ஊரில் பள்ளிக்கூடம் தோற்றுத்தான் போகிறது. பிழைக்க வேறு வழி கிடையாது, படித்தால்தான் உண்டு என்ற நிலை பல வறண்ட ஊர்களில் பிள்ளைகளைப் புத்தகத்தோடு பிணைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் குடும்பங்களில் பல, ஒரு தலைமுறைக்கு முன் ஏர் பிடித்தவை. தோல் ஆலைக் கழிவு பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்து, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்ற கணக்கு, 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்நியச் செலாவணி நாட்டுக்கு வந்தது. உப்புக் கரித்த கிணறு மட்டும் உழவனுக்கு மிஞ்சியது. தொழில் வளர்ந்த இடமெல்லாம் மக்களும் வளர்வார்கள் என்று எழுதுவோர், எங்கள் ஆற்றங்கரையில் ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும்.

1954ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் காமராசரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது எங்கள் குடியாத்தம் தொகுதி. ஊர்தோறும் அவர் காலத்தில் திறந்த பள்ளிகளில் இன்று கட்டடம் இருக்கிறது, ஆசிரியர் நிலைப்பதில்லை. வெளிமாவட்டங்களிலிருந்து பணிக்கு வருவோர் கலந்தாய்வு வந்ததும் சொந்த ஊருக்கு மாறுதல் வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை கூற மாட்டேன், எனக்கும் குடும்பம் உண்டு. ஆனால் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் இரண்டு ஆண்டுகள் கணித ஆசிரியரே இல்லை.

மலைப்பகுதியின் நிலை இன்னும் கொடிது. அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் 2023ஆம் ஆண்டு பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான சாலை இல்லாததால் உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் இறந்தது. உடலைத் தாய் கையில் சுமந்து மலைக்கு நடந்தார். உலகம் தேடி வரும் மருத்துவமனை இருப்பதும் இதே மாவட்டத்தில்தான்.

ஆகவே புதிய தொழிற்பேட்டை அறிவிப்புகளைவிட மூன்று காரியங்களை அரசிடம் வேண்டுகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் ஒன்றியவாரியாகக் கணித, அறிவியல் ஆசிரியர் காலியிடங்களை வெளியிட்டு நிரப்ப வேண்டும். அவ்வாறு வருவோர் ஐந்தாண்டுகளாவது அதே பள்ளியில் இருக்கும்படி விதி செய்து, அதற்கெனத் தனிப் படியும் வீட்டு வசதியும் தர வேண்டும். மகளின் விரல் தேவைப்படாத அளவுக்குத் தாயின் பீடிக் கூலியை உயர்த்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.