செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் நம் நடிகர்கள் மன்றத்தின் சில உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. கோடை நாடகம் அரங்கு கிடைக்காமல் நின்றுபோனது. செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறைதான் கூட்டம் நடத்தத் தேவையான ஆள் (குவோரம்) இருந்தது.

அப்புறம், மாடி அறை. மன்றப் பணத்தில் செயலாளர் தன் வீட்டில் ஸ்டூடியோ கட்டிக்கொண்டார் என்று பேச்சு அடிபடுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்குக்குப் பிறகு, நாமே வீடியோ எடுத்து அனுப்புவதுதான் பல இடங்களில் முதல் ஆடிஷன். வடபழனி, சாலிகிராமம் என்று சினிமாக் கம்பெனிகளில் போட்டோவோடு ஏறி இறங்கிய நமக்கு இது புதுசு. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று முகமே கறுப்பாக ஒன்று, உருக்கமான வசனத்தில் குக்கர் விசிலோடு ஒன்று என்று நம்மவர்கள் அனுப்பியதைப் பார்த்துத்தான் இதில் இறங்கினேன்.

அறை என்னுடையது, வாடகை கேட்கவில்லை. மன்றம் கொடுத்தது டிரைபாட், இரண்டு எல்இடி விளக்கு, ஒரு காலர் மைக், திரைத்துணி. முதலில் வாங்கிய பச்சைத் துணி என் தவறுதான். முகத்திலும் பச்சை அடித்தது. இப்போது சாம்பல் நிறம். வெறும் அறை எதிரொலித்ததால் சுவரோரம் பழைய மெத்தையும் என் மனைவியின் ஜமக்காளமும் ஏறின. வீடியோவில் ட்யூப் லைட் வரிவரியாக ஓடியதற்குக் காரணம் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிறு போயிற்று: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போனோ நொடிக்கு 30 படம் (ஃப்ரேம்) எடுக்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. 25க்கு மாற்றியதும் சரியானது. ஃபேன் போட்டால் மைக்கில் இரைச்சல். ஆகவே வியர்வையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எதிர்வசனம் படிப்பவர் கேமராவை ஒட்டி நின்று மெதுவாகப் படித்தால் போதும், நடிக்க வேண்டாம் என்று ஒருவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவர் வருவதில்லை. வீடியோவை வாட்ஸாப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் தரம் குறையும் என்பதையும் பத்துத் தடவை சொல்லியாயிற்று.

அறையைப் பயன்படுத்தியவர்களில் பாதிப் பேருக்குச் சந்தா பாக்கி. பொதுக்குழுவுக்கு வர நேரமில்லாதவர்களுக்கு ராத்திரி பத்து மணிக்குச் சாவி கேட்க நேரம் இருக்கிறது. பெயர் படிக்கப் போவதில்லை. பதிவேடு மேசைமேல் இருக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம். மைக்குக்கு மேற்கொண்டு நான் போட்ட கைக்காசு கணக்கில் வராது, நானும் கேட்கவில்லை.

தலைவருக்கும், தணிக்கையாளருக்கும், டீக்கடைக்காரருக்கும், நாங்கள் வீடியோ எடுக்கும்போதெல்லாம் மிக்ஸியை நிறுத்திய என் மனைவிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மகனுக்குப் பெண் பார்க்கிறோம். தையில் கூடிவந்தால் மாடி அறை அவனுக்கு. அதற்குள் சந்தா சேர்ந்தால் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடிக்கலாம். அல்லது உங்களில் யார் வீட்டிலாவது ஓர் அறை காலி இருந்தால் மெத்தை, ஜமக்காளத்தோடு நானே கொண்டுவந்து தருகிறேன். பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே ரசீது புத்தகமும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்