திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு: மலையேறும் பெண்களுக்கும் ஒரு டி-ஷர்ட் தையுங்கள்

திருப்பூர் பின்னலாடை உற்பத்தியாளர்களுக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கும் பேட்டர்ன் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி 40 மலைப்பாதைகளைத் திறந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பர்வதமலைக்கும் சதுரகிரிக்கும் பெண்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொல்லிமலை ஆகாய கங்கைப் படிகளில் இறங்கி மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களிலும் பெண்கள் ஏராளம். அடிவாரத்து வெயில், நடுக்காட்டுப் புழுக்கம், உச்சியில் காற்று என்று மூன்றையும் ஒரே நாளில் கடக்க வேண்டிய இந்த நடைக்குப் பொருந்துகிற பெண்கள் டி-ஷர்ட் நம் கடைகளில் தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் நாட்டின் பின்னலாடைத் தலைநகரம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. என்ன குறை, எப்படிச் சரிசெய்யலாம் என்பதை மலையேறும் பெண்களாகிய நாங்கள் உங்கள் தொழில்மொழியிலேயே எழுத முயன்றிருக்கிறோம்.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தி சிங்கிள் ஜெர்சியில், அதாவது சாதாரண பனியன் பின்னலில், உடம்பை ஒட்டித் தைத்த, இடுப்போடு நின்றுவிடும் டி-ஷர்ட். இரண்டாவது, 'டிரை ஃபிட்' என்று எழுதிய, ஸ்பான்டெக்ஸ் என்னும் இழுபடும் இழை கலந்த மெல்லிய ஜிம் டி-ஷர்ட். மூன்றாவது, ஆண்கள் டி-ஷர்ட்டின் சிறிய சைஸ். முதல் இரண்டையும் வாங்கும் பெண் உள்ளே ஒரு ஸ்லிப் போடுகிறாள், மேலே ஒரு துப்பட்டாவோ சட்டையோ போர்த்திக்கொள்கிறாள். துணி உள்ளே காட்டுகிறது, வேர்த்தால் ஒட்டுகிறது, கையைத் தூக்கினால் வயிறு தெரிகிறது. வேறு என்ன செய்வாள்? ஆனால் அந்த இரண்டாவது அடுக்கு சேர்ந்த கணத்திலேயே, நீங்கள் நூலிலும் ஃபினிஷிலும் செய்த வேலை முழுக்க வீணாகிவிடுகிறது. வியர்வை முதலில் பருத்தி ஸ்லிப்பில் ஊறி அங்கேயே தங்கிவிடும், வெளித்துணிக்கு வந்து சேராது. இன்னொரு துணியின் உதவி இல்லாமல், தனியாகப் போட்டுக்கொண்டு நிம்மதியாக ஏறக்கூடிய டி-ஷர்ட் வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் அதற்காகத்தான்.

துணியிலிருந்து தொடங்குவோம். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பம் போகிறது. அந்த வெப்பம் தோலிலிருந்து போனால்தான் உடம்பு குளிரும். பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தை இழைக்குள் வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அது 0.4 சதவீதம்தான். பாலியஸ்டர் இழை நீரைக் குடிப்பதில்லை, இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகக் கடத்துகிறது. அதனால்தான் சீக்கிரம் காய்கிறது. இதற்காகப் பருத்தியை நாங்கள் ஒதுக்கவில்லை. சித்திரை வெயிலில் வறண்ட பாறை மலையில் ஏறும்போது நனைந்த பருத்தி உடம்பைக் குளிர்விக்கவே செய்யும். சிக்கல் வருவது ஏலகிரி, கொல்லிமலை போன்ற மரம் அடர்ந்த சரிவுகளில். அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் பருத்தி காயாது, கனக்கும், அக்குளிலும் தோளிலும் உரசிப் புண்ணாக்கும். மேலே போகப்போக 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி குறைகிறது. உச்சியில் காற்று அடிக்கும்போது நெஞ்சிலும் முதுகிலும் அதே ஈரத்துணி ஒட்டிக் கிடந்தால் நடுக்கம் எடுக்கும்.

எனவே பாலியஸ்டர், 130 முதல் 145 ஜிஎஸ்எம். அதற்குக் கீழே போனால் உள்ளே காட்டும், முள்ளில் கிழியும். 160-ஐத் தாண்டினால் புழுக்கம். வெறும் சிங்கிள் ஜெர்சி நனைந்ததும் தோலோடு அப்பிக்கொள்ளும் என்பதால், உட்புறம் சிறு புள்ளிகளாக மேடு விழும் பேர்ட்ஸ் ஐ அல்லது மைக்ரோ பிக்கே அமைப்பு நல்லது; தோலைத் தொடும் பரப்பு குறைகிறது, நடுவே காற்று ஓடுகிறது. உட்புறம் சற்றுத் தடித்த ஃபிலமென்ட் (நூலுக்குள் இருக்கும் தனி இழை), வெளிப்புறம் மெல்லிய ஃபிலமென்ட் என்று பின்னினால் ஈரம் தானாகவே வெளிப்பக்கம் இழுக்கப்படும். ஸ்பான்டெக்ஸ் தேவையென்றால் 4 சதவீதத்தோடு நிறுத்திவிடுங்கள். நடைக்கு வேண்டிய தளர்ச்சியைப் பேட்டர்னிலேயே (துணி வெட்டும் அளவிலேயே) கொடுத்துவிட்டால் அதுகூட வேண்டாம்.

உள்ளே காட்டும் பிரச்சினைக்கு ஜிஎஸ்எம்மைக் கூட்டுவதைவிட நல்ல வழி ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. பாதி மங்கலான செமி டல் நூலுக்குப் பதிலாக முழுக்க மங்கலான ஃபுல் டல் நூல் எடுங்கள். அதில் டைட்டானியம் டை ஆக்சைடு அதிகம் என்பதால், அதே எடையில் ஒளி ஊடுருவுவது குறையும், புற ஊதாக் கதிரும் குறைவாகவே உள்ளே வரும். சாதாரண மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டின் யுபிஎஃப் (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு) 5 முதல் 7 வரைதான். நனைந்தால் இன்னும் குறையும். அளந்து பார்த்த யுபிஎஃப் 40-க்கு மேல் இருந்தால் மட்டும் லேபிளில் போடுங்கள். இறுக்கமாகப் போட்டு இழுபட்டால் அந்த எண்ணும் இறங்கிவிடும் என்பதால், தளர்வான வெட்டு மானத்துக்கு மட்டுமல்லாமல் தோலின் பாதுகாப்புக்கும் தேவையாகிறது.

ஈரத்தைக் கடத்தச் செய்யும் விக்கிங் ஃபினிஷ் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலிவுத் துணிகளில் ஈரத்தைக் கடத்தும் தன்மை மேலே பூசிய ரசாயனத்தால் மட்டுமே வருகிறது. சில துவைப்புகளில் அது போய்விட்டால் மிஞ்சுவது வெறும் பாலியஸ்டர். வியர்வை தோலிலேயே முத்து முத்தாக நிற்கும், மழைக்கோட்டு போட்டதுபோல் புழுங்கும். குறுக்குவெட்டில் வாய்க்கால் உள்ள இழையில் செய்தால் அந்தத் தன்மை நூலோடு நிற்கும். சோதிக்க ஆய்வகம்கூட வேண்டாம். துணியின் உட்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்று நொடிக்குள் உறிஞ்சி வெளிப்புறத்தில் அகலமாகப் பரவ வேண்டும். பத்து முறை துவைத்து அதே சோதனையைச் செய்யுங்கள்; அப்போதும் தேறினால் வாங்குகிறவர்களிடம் தைரியமாகச் சொல்லலாம். துவைப்புக் குறிப்பில் 'துணி மென்மையாக்கி போடாதீர்கள்' என்று தமிழில் அச்சிடுங்கள். அது இழைகள் மேல் படலமாகப் படிந்து இடைவெளிகளை அடைத்துவிடுகிறது.

சாயத்திலும் கவனம் தேவை. பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம் 130 டிகிரியில் ஏற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. மிச்சச் சாயத்தைக் கழுவி நீக்கும் ரிடக்ஷன் கிளியரிங்கைச் சுருக்கிவிட்டால் ஒட்டாத சாயம் வியர்வையோடு கழன்று உள்ளாடையிலும் பையின் பட்டையிலும் ஏறுகிறது. வியர்வைக்கும் உராய்வுக்கும் சாயம் நிற்கிறதா என்று இரண்டு சோதனையும் அவசியம்.

இனி பேட்டர்ன். எங்கள் மனக்குறையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

உடம்பு மார்பளவு 36 அங்குலம் என்றால் டி-ஷர்ட் 40 முதல் 41 வரட்டும். நீளம், கழுத்தோரத் தோள்முனையிலிருந்து 27 அங்குலம், பின்பக்கம் இன்னும் ஓர் அங்குலம் கூடுதல். பையின் இடுப்புப் பட்டையைக் கட்டி ஏறும்போது ஒவ்வோர் அடிக்கும் துணி சுருண்டு மேலே போகும். 24 அங்குல நீளம் என்றால் அரை மணி நேரத்தில் பட்டை வெறும் தோலில் உரசும். பக்கவாட்டில் இரண்டரை அங்குலம் பிளவு விட்டால் இடுப்பில் சிக்காமல் இறங்கி நிற்கும். ஆண்கள் சைஸ் எங்களுக்குத் தோதுப்படாததற்குக் காரணமும் இடுப்புதான்: தோளுக்குச் சரியாக எடுத்தால் இடுப்பில் பிடிக்கும், இடுப்புக்கு எடுத்தால் தோள்தையல் கையில் தொங்கும், கழுத்து அகன்று பைப்பட்டை நேராகத் தோலில் உட்காரும்.

பெரிய சைஸ்களில் நடக்கும் தவறு தனி. எம் சைஸ் பேட்டர்னை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெருக்கினால் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் வந்துவிடாது. மார்பு பெரிதாகும்போது முன்பாகம் அதிக தூரம் வளைந்து இறங்க வேண்டியிருப்பதால், முன் ஓரம் மேலே தூக்கிக்கொள்கிறது. எல் சைஸில் முன்பாகத்தின் நீளத்தில் முக்கால் அங்குலம் கூட்டுங்கள். 3எக்ஸ்எல் வரும்போது அது ஒன்றரை அங்குலம் ஆகட்டும். தோள் அகலத்தையும் கழுத்தையும் அதே விகிதத்தில் பெருக்காதீர்கள், உடம்பு பருக்கிறதே தவிர எலும்பு அகலமாவதில்லை. 4எக்ஸ்எல் வரை தையுங்கள். பருத்த உடம்புள்ள பெண்களுக்குத்தான் உராய்வுப் புண் அதிகம், அவர்களுக்குத்தான் கடையில் எதுவும் இல்லை.

தோளில் இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன: உள்ளாடைப் பட்டை, அதன்மேல் பையின் பட்டை. நடுவே தோள் உச்சியில் ஓவர்லாக் தையல் தடிப்பாக ஓடினால், ஐந்து கிலோ பை போதும், சிவந்த தழும்பு விழும். தோள்தையலை ஓர் அங்குலம் முன்பக்கம் தள்ளுங்கள். பட்டை கடக்கும் இடத்தை முழுக்கத் தவிர்க்க முடியாது என்றாலும் அழுத்தம் உச்சமாக விழும் இடத்திலிருந்து விலகிவிடும். தோளிலும் அக்குளிலும் தட்டையாகப் படியும் நான்கு ஊசி ஆறு நூல் பிளாட்லாக் தையல் போடுங்கள். கீழ்மடிப்பிலும் கைமடிப்பிலும் வழக்கமான பேட்லாக் தையல் போதும். அக்குளில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்திப்பதைத் தவிர்க்க வைரவடிவத் துண்டு ஒன்று வையுங்கள். பாறையைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது உடம்புத்துணி கூடவே எழும்பாமல் இருப்பதும் அந்தத் துண்டால்தான்.

கை, தோளிலிருந்து 10 முதல் 11 அங்குலம், முழங்கைக்கு அருகில் முடியட்டும். தோளோடு நிற்கும் கேப் ஸ்லீவ் மலைக்கு வேண்டவே வேண்டாம். நாற்று நடும் பெண்களும் நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்களும் தேயிலை பறிக்கும் பெண்களும் சேலைமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலும் முள்ளும் பூச்சியும் அறிந்தவர்களின் தேர்வு அது. அதே டி-ஷர்ட்டில் முழுக்கை வகை ஒன்றும் தைத்தால் நாங்கள் மட்டுமல்ல, அவர்களும் வாங்குவார்கள். கழுத்து, பிடரியை மூடும் அளவு உயரமாக இருக்கட்டும். பின்கழுத்தில் தைத்த லேபிளுக்குப் பதில் அச்சிட்ட லேபிள். வியர்வையில் நனைந்த லேபிள் முனை ரம்பமாக அறுக்கும்.

நிறத்தில் ரோஸும் லாவண்டரும் மட்டும் பெண்களுக்கு என்று ஒதுக்குவதை விட்டுவிடுங்கள். வெளிர் நிறம் நனைந்தால் காட்டும், இளஞ்சாம்பல் மெலாஞ்சில் (இரு நிற இழைகள் கலந்த துணியில்) வியர்வைத் திட்டு அப்படியே தெரியும், கறுப்பில் உப்புக்கோடு வெளுக்கும், வெப்பமும் ஏறும். மலைத்தேனீ இருக்கும் காடுகளில் கருநிறம் வேறு வகையிலும் ஆபத்து. அவை கருத்த நிறத்தைத்தான் முதலில் தாக்கும். பாசிப்பச்சை, மண்நிறம், மங்கிய நீலம் ஆகியவற்றில் சிறு பூ அல்லது கோட்டு அச்சு எல்லாவற்றையும் மறைக்கும். அந்த அச்சை, சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி இழைக்குள் ஏற்றும் சப்ளிமேஷனில் செய்யுங்கள். நெஞ்சு முழுக்க ரப்பர் பிரின்ட் போட்டால் அந்த இடம் பிளாஸ்டிக் தாளாகிவிடும், வியர்வை வெளியேறாது. மலையேற்ற நிகழ்ச்சிகளுக்கு டி-ஷர்ட் ஆர்டர் கொடுப்பவர்களிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள். மெஷ் துணியை அக்குளிலும் முதுகின் நடுவிலும் மட்டும் வையுங்கள். தோளிலும் கையிலும் வைத்தால் உண்ணிச்செடி முள் ஒரே இழுப்பில் நூலை உருவிவிடும், கொசுவும் அதன் வழியாகவே கடிக்கும்.

பாலியஸ்டரின் குறைகளையும் மறைக்க வேண்டாம். நாற்றம் பருத்தியைவிட அதிகம் பிடிக்கும், ஏனென்றால் உடம்பின் எண்ணெய் அந்த இழையில் ஒட்டிக்கொள்கிறது. வந்தவுடன் துவைக்கச் சொல்லுங்கள். நெருப்பில் உருகித் தோலில் ஒட்டும், ஆகவே அடுப்புப் பக்கம் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. இந்த இரண்டையும் லேபிளிலேயே எழுதிவிட்டால் வாங்குகிறவர்களுக்கு உங்கள்மேல் நம்பிக்கை கூடும்.

சாம்பிள் தைத்ததும் மெனிகினில் மாட்டிப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பவர் டேபிளில் (தையல் வரிசையில்) வேலை செய்யும் பெண்களிடமே எஸ் முதல் 4எக்ஸ்எல் வரை கொடுங்கள். வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல், ஐந்து கிலோ பையோடு அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் மேலே தூக்கும்போது பேன்ட்டின் இடுப்பு மூடியிருக்கிறதா, நனைந்த பிறகு சன்னல் வெளிச்சத்தில் உள்ளாடையின் கோடு தெரிகிறதா, தோளிலும் அக்குளிலும் சிவந்திருக்கிறதா என்று பெண்கள் பார்த்துச் சொல்லட்டும். 'இதை மட்டும் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பாயா?' என்றும் கேளுங்கள். அவர்கள் தயங்கினால் பேட்டர்னை மாற்றுங்கள்.

முதல் சுற்றுக்கு அரைக்கையில் ஒன்று, முழுக்கையில் ஒன்று, மூன்று நிறம், ஏழு சைஸ் போதும். பர்வதமலையிலும் கொல்லிமலையிலும் அவற்றைப் போட்டு ஏறிப் பார்த்து, எந்தத் தையல் உரசியது, எந்த ஓரம் எழும்பியது, எத்தனையாவது துவைப்பில் சொட்டு நின்றது என்று சைஸ் வாரியாக எழுதித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மலையேறும் பெண்கள் சிலர்