நாற்பது நிமிடம்

மன்னார்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மருமகள், குழந்தைகள் நலமும் அறிய ஆவல்.

போன மாதம் போனில், "இந்த வயதில் இனிமேல் புதிதாகக் கற்று என்ன ஆகப்போகிறது அப்பா" என்றாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து போன் வரவில்லை. பரவாயில்லை, நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம், பென்ஷன் எங்கள் இருவருக்கும் தாராளம். ஆனால் நீ சொன்ன அந்த வார்த்தை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆடிக்குப் பிறகு அம்மா குனிவதில்லை என்பது உனக்குத் தெரியும். வாசல் கோலம் இப்போது என் வேலை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் போடுகிறேன். முதல் மாதம் கோலமாவு விரலிடுக்கில் கட்டி கட்டியாக விழுந்தது. புள்ளியே கோணல். இன்று ஏழு புள்ளி, இடைப்புள்ளி நாலு. சிக்குக் கோலம். இழை ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துக்கொண்டு போய், எடுத்த இடத்திலேயே வந்து சேர வேண்டும். நடுவில் ஒரு திருப்பம் தவறினால் கடைசியில் ஒரு புள்ளி அநாதையாக நிற்கும். இன்று ஒன்றும் நிற்கவில்லை. எனக்கு எழுபத்து நான்கு வயது. உட்கார்ந்து எழுந்து, தலைக்குள் அடுத்த வளைவைப் பிடித்து வைத்துக்கொண்டு, கையை ஓட்டுகிறேன்.

முப்பத்திரண்டு வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்து, வளர்ந்தவர்களின் மூளை சுட்ட மண், இனி வனைய முடியாது என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். தவறு. வயதான மூளையில் புதிய செல் பிறக்கிறதா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆனால் செல்லுக்கும் செல்லுக்கும் உள்ள இணைப்பு, கற்கக் கற்க மாறிக்கொண்டேயிருக்கிறது என்பதில் வழக்கே இல்லை.

நீ இருக்கும் லண்டனிலேயே சாட்சி இருக்கிறது. கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் நகரின் நடுவிலுள்ள சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மூன்று நான்கு வருடப் படிப்பு. எலினார் மக்வையர் என்ற பேராசிரியை 2000-இல் அந்த ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இடத்தையும் வழியையும் நினைவில் வைக்கிற ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாமே என்று நீ வாதாடுவாய். அதனால்தான் அடுத்தமுறை 79 பேரைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்து வைத்து, பிற்பாடு மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. தேர்ச்சி பெற்ற 39 பேருக்குத்தான் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. எல்லாரும் வளர்ந்த ஆட்கள், குடும்பஸ்தர்களும் உண்டு. நீ தினம் அவர்களைத் தாண்டித்தான் போகிறாய்.

போகிறாயா? நடந்து போகிறாயா என்று கேட்கிறேன். அதே 2011-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேர். பாதிப் பேர் வாரத்துக்கு மூன்று நாள், நாற்பது நிமிடம் வேகமாக நடந்தார்கள். மீதிப் பேர் கை கால்களை நீட்டி மடக்குவதோடு சரி. ஒரு வருடத்தில் நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியது. நாற்பது நிமிடம்தான். குளிராக இருந்தால் மப்ளர் கட்டிக்கொள். ஆனால் நட.

இருபத்தாறு வயதில் ஒரு வார்த்தை தெரியாமல் ஜெர்மனிக்குப் போய், ஆறே மாதத்தில் அந்த மொழியில் அம்மாவுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாய். ஒரு எழுத்தும் புரியாமல் அதைத் தெரு முழுக்கக் காட்டினேன். அந்தப் பிள்ளையா இப்படிப் பேசுவது? பகல் முழுக்க திரைச்சீலையைக்கூட விலக்காமல் உட்கார்ந்திருக்கிறாயாமே. மருமகளைக் கோபிக்காதே, நான்தான் துருவிக் கேட்டேன். எழுந்து வெளியே போ. ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள், எதுவானாலும் சரி, ஆனால் உனக்குக் கொஞ்சம் கஷ்டமானதாக இருக்கட்டும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். தாத்தாவின் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போகவில்லை.

விடிந்ததும் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் நான்கு கரையையும் அவர் சுற்றி வருவது உனக்கு நினைவிருக்கும். ஒருநாள் வடகரையில் நின்று, நம் வீடு எந்தப் பக்கம் என்று பால்காரரிடம் கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி அந்தச் செருப்பைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தது நான். மறுநாள் நீ டார்ச்சை எடுத்துக்கொண்டு சாக்கடை ஓரமெல்லாம் தேடினாய். உனக்கு ஒன்பது வயது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கிரந்த எழுத்து எழுதிப் பழகிய நோட்டையும், கண் கெடும் என்று வாங்கி வைத்துவிட்டேன். புதுச் செருப்பு வாங்கித் தா என்று கேட்டார். "இந்த வயதில் இனிமேல் நடந்து என்ன ஆகப்போகிறது அப்பா" என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர், தை வருவதற்குள் உன் பெயரை மறந்தார்.

மறதி செருப்பால் வந்ததல்ல. அது முன்பே தொடங்கியிருந்தது, டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனாலும் காலையில் அவர் கூடவே நான் நடந்திருக்கலாம். பள்ளிக்கூடம் ஒன்பதரைக்குத்தான். நீ போனில் சொன்னது என் வார்த்தை. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய் போலிருக்கிறது.

செருப்பு இன்னும் பரணில்தான் இருக்கிறது. அம்மாவுக்கும் இதுவரை சொல்லவில்லை.

பதில் எழுத முடியாவிட்டால் வேண்டாம். அன்றன்று எத்தனை நிமிடம் நடந்தாய் என்று எண்ணை மட்டும் அனுப்பு. நானும் அனுப்புகிறேன். இன்று எனக்கு முப்பத்தைந்து, கீழ்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா