அந்தக் கப்பல் நான்கிங் போகவே இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடலடியில் கிடைத்த சீனப் பீங்கான் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் படத்தின் கீழே ‘நான்கிங் நகரில் செய்த பீங்கான்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு.

அந்தப் பீங்கானோடு மூழ்கிய, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கெல்டர்மால்சன் கப்பல் சரக்கேற்றியது தென்சீனத் துறைமுகமான காண்டனில் (இன்றைய குவாங்சோ). 1751 டிசம்பரில் அங்கிருந்து ஹாலந்துக்குப் புறப்பட்டு, 1752 ஜனவரி 3ஆம் தேதி தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கியது. நான்கிங் பக்கமே அது போகவில்லை. நீலம் தீட்டிய அந்தப் பீங்கான் ஜியாங்சி மாகாணத்து ஜிங்டெஜென் சூளைகளில் வெந்தது. அங்கிருந்து ஆற்றில் படகேறி, மெய்லிங் கணவாயைச் சுமைகூலிகளின் தோளில் கடந்து, மறுபடி படகேறிக் காண்டன் வந்து சேர்ந்தது. ‘நான்கிங்’ என்பது நீலவெள்ளைப் பீங்கானுக்கு ஐரோப்பிய வியாபாரிகள் வைத்த கடைப்பெயர். 1986இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தச் சரக்கை ஏலம் விட்ட கிறிஸ்டீஸ் நிறுவனம் அந்தப் பெயரை எடுத்து ‘நான்கிங் சரக்கு’ என்று விளம்பரம் செய்ய, அதுவே நிலைத்துவிட்டது. (பெயரை நம்பி ஏமாறுவதில் நமக்கும் பங்கு உண்டு. ‘பீங்கான்’ என்ற சொல் காதுக்குச் சீனம் போலவே ஒலிக்கிறது. ஆனால் அது பாரசீகத்திலிருந்து வந்தது.)

இன்னொன்று. ‘பீங்கான் கப்பல்’ என்று கட்டுரை முழுக்க வருகிறது. நான் குன்னூரில் தேயிலைக் கிடங்கில் கணக்கு எழுதிக் காலத்தைக் கழித்தவன், அதனால் இதைச் சும்மா விட மனம் வரவில்லை. அது தேயிலைக் கப்பல், ஐயா! ஏறக்குறைய 6,87,000 டச்சு ராத்தல் தேயிலை அதில் இருந்தது. பீங்கானின் மதிப்பு மொத்தச் சரக்கில் சுமார் 5 சதவீதம்தான். பிறகு ஏன் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பீங்கான்களை ஏற்றினார்கள்? ஈரம் பட்ட தேயிலையைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும். மரக்கப்பலின் அடித்தட்டிலோ எப்போதும் தண்ணீர் கசியும். நனைந்தாலும் கெடாத, கனமான பொருளைக் கீழே அடுக்கினால் கப்பலும் ஆடாது, மேலே இருக்கும் தேயிலையும் நனையாது. ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பாரத்தையும் விற்றுக் காசாக்கலாம். நல்ல கிடங்குக்காரன் மூளை!

பட்டியலைப் பார்த்தாலே இவை அரண்மனைச் சாமான் அல்ல என்பது விளங்கும். தட்டோடு கூடிய தேநீர்க் கோப்பைகள் மட்டும் 63,000க்கு மேல். வாந்தி எடுக்கும் பாத்திரங்கள் 606! எல்லாம் சாதாரண ஐரோப்பிய வீட்டு மேசைக்குக் கம்பெனி மொத்தமாக வாங்கிய சரக்கு.

கடலில் நடந்தது தலைகீழ். விலை உயர்ந்த தேயிலை ஊறி மட்கி, கீழே இருந்த பீங்கானின் மேல் போர்வை போலப் படிந்து, 233 ஆண்டுகள் அதைக் காப்பாற்றியது. 1985இல், மூழ்கிய கப்பல்களைத் தேடி எடுக்கும் மைக்கேல் ஹாட்சர் அதை மேலே கொண்டுவந்தபோது பல கோப்பைகளின் பளபளப்புகூடப் போகவில்லை. கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட தங்கக் கட்டிகளும் கிடைத்தன. கப்பலில் இருந்த 112 பேரில் பிழைத்த 32 பேர் படேவியா (இன்றைய ஜகார்த்தா) போய்ச் சேர்ந்தபோது, தங்கம் எங்கே என்று அவர்களைத்தான் கம்பெனி சந்தேகப்பட்டது. அது கடைசிவரை கடலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

ஏலத்தின் வெற்றியைப் பற்றிக் கட்டுரையாளர் நிறைய எழுதியிருக்கிறார். அந்த ஏலத்துக்குச் சீன அரசு 30,000 டாலரோடு இரண்டு நிபுணர்களை அனுப்பியதையும் எழுதியிருக்கலாம். தங்கள் நாட்டுச் சூளையில் வெந்த ஒரு தட்டைக்கூட அவர்களால் வாங்க முடியவில்லை. மறு ஆண்டே சீனா கடலடித் தொல்லியலுக்குத் தனிக் குழு அமைத்தது. ஹாட்சர் எடுத்த இடத்திலோ, எந்தப் பொருள் எந்த அடுக்கில் இருந்தது என்ற முறையான பதிவு இல்லை. என்னைக் கேட்டால், விலைப்பட்டியலைவிட இந்த இழப்புக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்த இதழில் படக்குறிப்பையாவது ‘ஜிங்டெஜென்’ என்று திருத்தி வெளியிடுங்கள். இடம் இருந்தால் தேயிலைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிடங்குக் கணக்கர்,
குன்னூர்.