‘சேமி’ பொத்தானும் கடைக்கார அக்காவும்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்குப் பரீட்சை, எனக்கு ஜலதோஷம், ஊருக்கு மழை. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை வரைக்கும் நடந்துவிட்டு வருவதுகூட நின்றுபோயிற்று.

சரி, உன் பால் சங்கச் செயலிக்கு வருகிறேன். ஐம்பது பேரைக் கூட்டி உட்காரவைத்து, கேள்வித்தாள் கொடுத்துச் சோதிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். எல்லோரும் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் எழுதுவார்கள். விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று யார் சொல்வார்கள்? ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு விரல் எங்கே போகிறது என்று பார்.

போன மாதம் இங்கே ஒரு மளிகைக் கடையில் எங்கள் கடன் கணக்குச் செயலியைச் சோதித்தோம். கடைக்கார அக்கா தமிழ்தான். ‘புதிய கடன் சேர்’ பொத்தானை அழுத்துங்கள் என்று சொன்னால் அது விடையைக் காதில் ஓதுவது. அதனால் இப்படிக் கேட்டேன்: “தெரிந்த அம்மா ஒருத்தர் 240 ரூபாய்க்குச் சாமான் வாங்கி, 100 கொடுத்துட்டு மீதியை அப்புறம் தர்றேங்கறாங்க. இதுல எப்படிக் குறிச்சு வைப்பீங்க?”

140 என்று சரியாகப் போட்டுவிட்டார். கடைசிப் பொத்தானுக்கு மேலே விரல் அப்படியே நின்றது. ‘அழுத்துங்க அக்கா’ என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அரை நிமிடம் போயிருக்கும். “கடன்தானே கொடுத்திருக்கேன், இதுல நான் எதுக்குத் தம்பி சேமிக்கணும்?” என்றார்.

போட்டதைப் பதிந்துவைக்கும் அந்தப் பொத்தானில் ‘சேமி’ (Save) என்று இருந்தது. அவருக்குச் சேமிப்பு என்றால் சீட்டு, அஞ்சலகம். அந்த 140 ரூபாய் எங்கோ ஒரு சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும் என்று பயந்திருக்கிறார். ‘எல்லாச் செயலியிலும் அப்படித்தான் இருக்கு’ என்று வாரக்கணக்கில் வாதாடிய எங்கள் நிரலாளர் பக்கத்திலேயே இருந்தார். அவரைக் கூட்டிப்போனதே அதற்குத்தான். கடையில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, “கணக்குல எழுதிக்கோன்னுதான்” என்றார் அக்கா. அன்றிரவே பொத்தான் ‘கணக்கில் எழுது’ ஆகிவிட்டது. அடுத்த சுற்றில் அந்த இடத்தில் யாரும் தயங்கவில்லை.

எத்தனை பேர் வேண்டும் என்கிறாய். 1993-இல் நீல்சன், லாண்டவர் என்று மென்பொருள் பயன்பாட்டை ஆராய்ந்த இரண்டு பேர் போட்ட கணக்குப்படி, சோதனைக்கு வரும் ஒருவரே சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டிவிடுவார். ஐந்து பேர் என்றால் கிட்டத்தட்ட 85. அதற்குப்பின் பார்த்ததையே திரும்பப் பார்ப்போம். ஆகவே ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர். உன்னிடம் பால் ஊற்றுகிறவர்கள் ஒரு வகை, சங்கத்தில் அளந்து பதிகிறவர்கள் இன்னொரு வகை. வகைக்கு மூன்று நான்கு பேராவது பார். ஆனால் இந்தச் சின்னக் கூட்டத்தை வைத்து ‘80 சதவீதம் பேருக்குப் பிடித்தது’ என்று சங்கத் தலைவரிடம் சொல்லிவிடாதே. ஓட்டையைக் கண்டுபிடிக்கத்தான் இது, ஓட்டு எண்ண அல்ல.

முதல் நாளே ஒரு ஒத்திகை பார்த்துவிடு. நாங்கள் பார்க்கவில்லை. சோதனை ஃபோனில் உள்ளே நுழைய ஓடிபி கேட்டது. அந்த சிம் ஒருவர் வீட்டு மேஜையில் கிடந்தது. அரைமணி நேரம் அக்கா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு அசடு வழிந்தோம்.

ஆரம்பிக்கும்போதே “சோதனை உங்களுக்கில்லை, செயலிக்குத்தான், மனசில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லுங்க” என்று சொல்லிவிடு. பதிவு செய்வதானால் கேட்டுக்கொண்டு செய். வந்தவர்கள் அரைநாள் வேலையை விட்டு வருவார்கள், கையில் ஏதாவது கொடு.

அப்புறம், கோபித்துக்கொள்ளாதே. எதிரே உட்கார்ந்து சோதனையை நடத்துவது நீ வேண்டாம். ஹாஸ்டலில் உனக்கு வாத்தியார் என்று பெயர் வந்ததே, யாராவது திணறினால் சொல்லிக்கொடுக்காமல் உன்னால் இருக்க முடியாது என்பதால்தான். அந்த வேலையை உன் தங்கச்சியிடம் கொடு. நீ பின்னால் உட்கார்ந்து குறிப்பெடு. முடிந்தால் வாயில் வெற்றிலை போட்டுக்கொள்.

உன்
பழைய ரூம்மேட்